பெயர் வைக்காத தேரை

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
2-2-1967

பிரியமுள்ள ரோசிக்கு உன் சிநேகிதி எல்சி எழுதுவது.

தேவமாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். கரக்பூரில் நீயும், உன் வீட்டுக்காரர் இன்னாசியும், உன் மாமியார் வியாகுலம்மாளும் அப்படியே இருக்க வேண்டும். இன்று மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். காலைப் பூசையில் உன் பேருக்கும் ஒரு திரி வாங்கி மந்திரித்து வைத்திருக்கிறேன். தெருவெல்லாம் தேர்தல் மைக். சாமியார் பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்கு எழுதாதே, வீட்டுக்கு எழுது என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்பதில்லை. நம் லேபில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். இரண்டு மாதமாய் முழுகவில்லை, காலையில் குமட்டுகிறது, பருப்பு தாளிக்கும் வாசனை வந்தால் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, மாமியாருக்குக்கூட இன்னும் தெரியாது, இன்னாசிக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். முதலில் சந்தோஷத்தில்தான் அழுதேன். அதற்கப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்று உனக்கே தெரியும். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். கோபித்துக்கொள்ளாதே.

லேப் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. பிரசவ வார்டுக்குப் பின்னால் அதே தகரக் கூரை, அதே ஒற்றை மைக்ராஸ்கோப். துறைமுகத்தில் சங்கு ஊதினால் கண்ணாடிக் குழாயெல்லாம் கிணுகிணுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். ரத்தமும் சளியும் பார்க்கும் வேலை என்று நம்பி வந்தவளின் கையில் நீ ஒரு தேரையை எடுத்து வைத்தாய். நான் போட்ட கூச்சலில் வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். கர்ப்பமா இல்லையா என்று சொல்லப்போகிற பெரியவர் இவர்தான், மரியாதையாகப் பிடி என்று நீ சொன்னாய். பெண்ணின் சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் அதன் சிறுநீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். வாலுள்ள உயிரணுக்கள் நீந்தினால் அந்தப் பெண் வயிற்றில் பிள்ளை. ஒன்றும் நீந்தாவிட்டால் இல்லை. நீந்துவதைப் பார்த்தால் 'வால் பையன்கள் வந்தாச்சு' என்று நீ கத்துவாய். வராந்தாவில் காத்திருக்கும் மாப்பிள்ளைகளுக்கு அதைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிடும்.

ஆண் தேரையைக் கண்டுபிடிக்க நீ சொல்லித் தந்த வழியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. இரண்டு விரலால் அக்குளில் இடுக்கிப் பிடி, விடு விடு என்று கத்தினால் ஆண், வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டால் பெண் என்றாய். வீட்டிலும் அப்படித்தானே என்று வேறு சொன்னாய். அப்போது உனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை!

பெயர் வைக்கும் வழக்கமும் நீ கொண்டுவந்ததுதான். பிள்ளை என்று சொன்ன தேரையை அன்று சாயங்காலமே கிணற்றடிக் கல்வாழைப் புதரில் கொண்டுபோய் விடுவோம். விடுமுன் அதன் தலையில் இரண்டு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டு, அன்று திருநாள் வரும் அர்ச்சியசிஷ்டவரின் பெயரை வைப்பாய். சாமியாருக்குத் தெரிந்தால் நம் இருவரையும் கோவிலுக்கு வெளியே முழங்காலில் நிறுத்தியிருப்பார். ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு, டிபன் கேரியருக்குள் பாட்டிலை ஒளித்து எடுத்துக்கொண்டு ஓர் ஆள் தன் அக்காவுக்காக வந்தார். சாயங்காலம் அந்தத் தேரைக்கு நீ இன்னாசி என்று பெயர் வைத்தாய். அன்று இன்னாசியார் திருநாளும் இல்லை, ஒன்றுமில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இன்னாசியாரும் இன்னாசியும் வாழ்க!

பிள்ளைக்காகச் சொன்ன தேரைகளைத்தான் விடுவோம். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் வந்த பெண்களுக்கு நீ வேறு சட்டம் வைத்திருந்தாய். வயிற்றில் குழந்தையே இல்லாமல் ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தாகத் திரண்டு, அதுவும் கர்ப்பம் என்றே ஊரை ஏமாற்றும் அந்தப் பாழாய்ப்போனது. அதைச் சுத்தம் செய்து எடுத்த பிறகும் மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனை உண்டு. அவளுக்காக 'ஆம்' சொன்ன தேரைக்குப் பெயர் வைக்கக் கூடாது, தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும், அவள் சுத்தமாகக் குணமாகிப் போகிற நாளில்தான் அதற்கும் விடுதலை என்பாய். அந்தச் சட்டம் ஒருநாள் உனக்கே வரும் என்று நாம் இருவரும் நினைக்கவில்லை.

போன வருஷம் ஜூனில் நீ இங்கே வந்து படுத்திருந்ததை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். டாக்டரம்மா உனக்கு அதை எடுத்துச் சுத்தம் செய்தார். தேரை தொட்ட கையோடு வந்தவள், அதனால்தான் வயிறு தேரை மோந்த தேங்காய் ஆயிற்று என்று உன் மாமியார் சொல்லிவிடக் கூடாதே என்று நீ பயந்தாய். பிள்ளை பெறாத வருத்தத்தைவிட அந்தப் பயம்தான் உனக்குப் பெரிதாக இருந்தது. ஜூலையில் தேரை இன்னும் 'ஆம்' என்றது. ஆடி முடிகிற சமயம், நீ ஊருக்குப் புறப்படுமுன் செய்த பரிசோதனையில் முதல் தடவையாக 'இல்லை' என்று வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். தொட்டியில் வைத்திருந்த உன் தேரையை அன்றே கல்வாழைக்குக் கொண்டுபோய் விட்டோம். அப்புறம் மாதாமாதம் நீ அனுப்பிய பாட்டிலுக்கெல்லாம் 'இல்லை' என்றே வந்தது. நானும் அப்படியே உனக்கு எழுதினேன்.

ரோசி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நமக்குத் தேரை பிடித்துத் தரும் அப்பாவு முன்பெல்லாம் காலடிப்பேட்டைக் குட்டையில்தான் பிடிப்பான். அதை மண் கொட்டி மூடிவிட்டார்கள். போன கோடையிலிருந்து எர்ணாவூர்க் குட்டைக்குப் போக ஆரம்பித்தான். முதலில் வந்தவற்றை வழக்கம்போலப் பரிசோதித்துத்தான் எடுத்துக்கொண்டோம். கர்ப்பம் என்று நிச்சயமாகத் தெரிந்த பெண்ணின் சிறுநீரை ஏற்றிப் பார்த்தோம், சரியாகச் சொல்லிற்று. ஆடியில் பக்கத்திலிருந்த புது ஆலை ஒன்று தன் கழிவுக் கால்வாயை அந்தக் குட்டைக்கு வெட்டிவிட்டிருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த தேரைகள் மிகவும் சாதுவாக இருந்தன. அப்பாவுவுக்கு ஒரே பெருமை. "எல்சிம்மா, இதுங்க சொக்கத் தங்கம்மா. ஓடறதும் இல்ல, கத்தறதும் இல்ல. சும்மா கையில வந்து குந்திக்கினு கீது" என்றான். பிடித்தால் கத்தவில்லை என்று கழுத்தின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஆணைப் பிரித்தோம். நீகூட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு அடக்கமா, என் மாமியாருக்குக் கொஞ்சம் கொடு என்றாய். எல்லாரும் சிரித்தோம். ஆண் தேரை ஏன் கத்தவில்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து கெங்கம்மா என்று ஒருத்தி வந்து வராந்தாவில் நின்று சத்தம் போட்டாள். நவம்பரிலும் டிசம்பரிலும் அவளுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தோம். "இன்னாமா, ரெண்டு தபா பாத்துட்டு இல்ல இல்லன்னியே. இப்போ இது இன்னா, காத்தா? உள்ள ஒதைச்சிகினு கீதுமா!" என்று புடவையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். ஐந்து மாசம். வார்டே வந்து வேடிக்கை பார்த்தது. அவளுக்குக் கோபம் எல்லாம் எங்கள் மேல் இல்லை. இல்லை என்ற பேச்சை நம்பி வீட்டில் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிட்டார்களாம். அந்த ஆத்திரம்.

அவளுடைய சிறுநீரையே எடுத்து எர்ணாவூர்த் தேரைகளுக்கு ஏற்றினேன். ஒன்றும் வரவில்லை. அப்பாவுவை மீஞ்சூர் வயலுக்கு ஓட்டி, புதிதாகப் பிடித்துவரச் சொல்லி அதையே ஏற்றினேன். வால் பையன்கள் கும்பலாக வந்தார்கள். குட்டைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அருள்பிரகாசத்திடம் போனேன். சிரிக்காதே. துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஏற்றுகிற குடிதண்ணீரைச் சோதிக்கும் வேலையில் அவர் இருப்பதால்தான் போனேன், வேறு ஒன்றும் இல்லை. அவர் ஏதோ மருந்து இரண்டு சொட்டு விட்டதும் தண்ணீர் ஊதாவாக மாறிவிட்டது. குரோமியம் என்றார். அம்மோனியாவும் மிதமிஞ்சி இருக்கிறதாம். தேரைகளை ஊமையாக்கியது இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இந்தத் தண்ணீரில் என் சட்டையைக்கூட அலச விடமாட்டேன் என்றார். அப்பாவு பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பேஜாரில்லாமல் பிடிக்கலாமென்று போனது குற்றமாகிவிட்டதே என்று இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

ஆக, ஆடியிலிருந்து நாம் 'இல்லை' என்று சொன்ன எதையும் இப்போது நம்புவதற்கில்லை. டாக்டரம்மா எல்லாப் பெண்களையும் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நீ புறப்படுமுன் பார்த்ததும், அப்புறம் நீ அனுப்பிய ஐந்து பாட்டில்களும் அந்தத் தேரைகளுக்குத்தான் போயின.

இதற்கு மேல் உனக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை, எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். முழுகாமல் இருப்பதும் குமட்டுவதும் பிள்ளைக்கும் வரும். போன வருஷத்து முத்துப்பிள்ளையின் மிச்சம் உள்ளே தங்கி வேர்விட்டுப் புற்றாகிக்கொண்டிருந்தாலும் அப்படியே வரும். தேரை இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். தண்ணீர் கலந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பிள்ளை என்றால் கலக்கக் கலக்க அடங்கிவிடும். மற்றது என்றால் இருநூறில் ஒரு பங்காகக் கலந்தாலும் வால் பையன்கள் வந்து நிற்பார்கள்.

டாக்டரம்மா ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் எங்கே பொறுத்தீர்கள்! சரி, அதை விடு. அது பிள்ளையாகத்தான் இருக்கும். நான் தினமும் அதைத்தான் கேட்டுச் செபமாலை சொல்கிறேன். ஆனாலும் நீ உடனே ஒரு பாட்டில் அனுப்பு. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குறைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் நீரைப் பிடித்து மூடு. மெயில் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் சமைக்கிற சௌக்கத் அலி பாயிடம் வழக்கம்போலக் கொடுத்து அனுப்பு. போன தடவை அவர் அதைக் கஷாயம் என்று நினைத்து ஐஸ் பெட்டியில் சோடா பாட்டில்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். எந்தத் துரை எடுத்துக் குடித்தானோ என்று சென்ட்ரலில் பாட்டில் கைக்கு வரும் வரை எனக்கு உயிர் இல்லை. இந்தத் தடவை பாட்டிலின் மேல் துணியைச் சுற்றித் தை.

இன்னொன்று. உனக்கு இருமல் ஏதாவது இருக்கிறதா? இடையில் எப்போதாவது உதிரம் பட்டதா? ஏன் கேட்கிறேன் என்று யோசிக்காமல் இரண்டு வரி எழுதிப் பாட்டிலோடு வை.

காசிமேட்டிலிருந்து நல்ல நெத்திலி வாங்கிக் காயப் போட்டிருக்கிறேன். ஆழ்கடல் மீன், முகத்துவாரத்து மீன் இல்லை. மீன் எண்ணெய் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது, பிள்ளைக்கு மூளையும் கண்ணும் அதில்தான் ஊறும் என்று டாக்டரம்மா இப்போது வார்டில் எல்லாருக்கும் தினம் ஒரு கரண்டி கொடுக்கச் சொல்கிறார். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதை நீ பார்க்க வேண்டும். தேரை நல்ல பதில் சொன்ன அன்றே நெத்திலியைப் பாய் கையில் கொடுத்து அனுப்புவேன்.

ஆண்டவர் உன் மேல் கண்ணாக இருப்பாராக.

உன்,
எல்சி

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
16-2-1967

பிரியமுள்ள ரோசிக்கு எல்சி எழுதுவது.

பாட்டில் நேற்று வந்து சேர்ந்தது. பாய் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சென்ட்ரலில் இறங்கினார். "இன்னாமா இது, உங்க சிநேகிதி இவ்ளோ தையல் போட்டு அனுப்பிக்கிறாங்க, உள்ள தங்கமா?" என்று கேட்டார். ஆமாம் பாய் என்றேன்.

விடிந்ததும் மீஞ்சூர்த் தேரைகளுக்கு ஊசி போட்டாயிற்று. கலக்காமல் ஒன்றுக்கு, கலந்து கலந்து மற்றவற்றுக்கு. இந்த மீஞ்சூர்க்காரர்கள் உன் காலத்து ஆட்கள் மாதிரிதான். தொடுமுன்னே கத்துகிறார்கள், மேசையெல்லாம் நனைக்கிறார்கள், ஒருவன் டாக்டரம்மாவின் பைக்குள் குதித்துவிட்டான். இவ்வளவு அமளியை இத்தனை மாதமாகக் கேட்காமல் இருந்திருக்கிறோமே என்றிருந்தது. மதியம் வரை பார்க்க முடியாது. சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்குப் போகும், அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

தபசு காலம் பிறந்துவிட்டது. விபூதிப் புதனுக்கு நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தேன். கெங்கம்மா அதைப் பார்த்து, "இன்னாமா, காளியம்மன் கோயிலுக்குப் போயிகினு வந்தியா?" என்றாள். இப்போது நாங்கள் தோஸ்து. வாராவாரம் காட்டிக்கொள்ள வருகிறாள், வந்தால் என் தேரைத் தொட்டியை எட்டிப் பார்த்து, "இதுல எதுமா பொய் சொன்னது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். எர்ணாவூர்த் தேரைகள் மூன்றுதான் மிச்சம். நல்ல தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று முந்தாநாள் மெல்லக் கத்த ஆரம்பித்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உனக்கு அந்த மழை நாள் நினைவிருக்கிறதா? அப்பாவுவுக்குக் காய்ச்சல், தொட்டியில் தேரை இல்லை, வார்டில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். நீயும் நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறி, காலடிப்பேட்டைக் குட்டையில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினோம். நீ பாட்டுப் பாடினால் தேரை பதில் பாடும் என்று சொல்லி, கிறிஸ்மஸ் பாட்டைப் பாடினாய். உண்மையாகவே பாடின. திரும்பி வரும்போது பஸ்ஸில் வாளி மூடி கழன்று, கண்டக்டர் டிக்கெட் பையைப் போட்டுவிட்டு சீட்டின் மேல் ஏறி நின்றார். ஒரு பஸ் நிறைய ஜனங்கள் நம்மைத் திட்டினார்கள். அதில் ஒரு கிழவர் மட்டும் இரண்டைப் பிடித்து நம் வாளியில் போட்டார். நீ அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாய். அவ்வளவு சிரித்து நான் வேறு ஒருநாளும் வீடு போனதில்லை. இப்போது அந்தக் குட்டையின் மேல் வரிசையாக வீடு வந்துவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எந்த இடம் என்றே பிடிபடவில்லை.

அருள்பிரகாசம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குட்டை விஷயத்தை ஒரு மனுவாக எழுதி நகராட்சிக்குக் கொடுத்திருக்கிறார். போய்வரும் வழியில் பதில் வந்ததா என்று சொல்ல லேபுக்கு வருகிறார். பதில் வரவில்லை என்று சொல்லவும் வருகிறார். நீ நினைக்கிறதெல்லாம் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

நீ பாட்டிலோடு வைத்த சீட்டையும் படித்தேன். உதிரம் ஒரே ஒரு தடவை துளி பட்டது, இருமல் கொஞ்சம் இருக்கிறது, ரயில்வே காலனிக் கரிப்புகை என்று எழுதியிருக்கிறாய். சின்னச் சட்டை ஒன்று தைக்க ஆரம்பித்துவிட்டேன், மாமியார் கேட்டால் பொம்மைக்கு என்று சொல்வேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன் மாமியார் என்ன அவ்வளவு ஏமாளியா!

சங்கு ஊதுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

பார்த்துவிட்டேன் ரோசி.

கலக்காததில் வந்தார்கள். ஐம்பதில் ஒன்றில் வந்தார்கள். அதோடு அடங்கிவிட வேண்டும் என்று அடுத்ததை வைக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன். இருநூறில் ஒன்று கலந்த தேரையின் சொட்டை நான் பார்த்தேன், அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். என் தோளில் கை வைத்தார். லேபில் யாரும் கத்தவில்லை.

நீ அடுத்த மெயிலிலேயே புறப்பட்டு வா.

இந்தக் கடிதத்தை இன்று ராத்திரி பாய் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இன்னாசிக்கு இப்போதே தந்தி கொடுத்துவிட்டேன். எல்சிக்கு உடம்பு மோசம், ரோசியை உடனே அழைத்து வரவும் என்று தந்தி. உன் மாமியார் உன்னை எனக்காக என்றால் அனுப்புவார், உனக்காக என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார். எனக்கு என்ன நோய் என்று கேட்டால் உன் இஷ்டத்துக்கு எதையாவது சொல். நல்ல பெரிய நோயாகச் சொல், நான் தாங்கிக்கொள்வேன். தேரையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

டாக்டரம்மா உனக்காகப் படுக்கை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். வந்ததும் நெஞ்சுக்கு ஒரு படம் எடுப்பார்கள், இது சிலருக்கு நுரையீரலுக்கும் ஏறும் என்று உனக்கே தெரியும். கரிப்புகையாகவே இருக்கட்டும், இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிடலாம். இதற்கென்றே மஞ்சள் மாத்திரை ஒன்று வந்திருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து வேம்பு என்று ஒருத்தி, உன்னைப் போலவேதான், மூன்று வருஷத்துக்கு முன் அதைத்தான் சாப்பிட்டாள். வாய் புண்ணாகி முடி கொட்டிப் படாதபாடு பட்டாள், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய தேரையை நான் கையால் கொண்டுபோய் விட்டேன். போன தீபாவளிக்கு அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்து எனக்குப் பலகாரம் கொடுத்தாள். அந்தக் குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன் ரோசி. நல்ல கனம்.

அந்தச் சின்னச் சட்டையை நிறுத்தாதே. ரயிலில் உட்கார்ந்து தைத்து முடி. முடிந்ததைக் கையோடு கொண்டு வா, என் பெட்டியில் மந்திரித்த மெழுகுதிரியோடு வைத்துக்கொள்கிறேன். சட்டைக்கு என்ன, அவசரமில்லை, அது காத்திருக்கும். நெத்திலியை அனுப்பவில்லை. நீ வந்து என் கையால் சாப்பிடு.

இன்று உனக்காகப் பேசிய தேரை என் மேசைக்குப் பக்கத்தில் தனித் தொட்டியில் இருக்கிறது. பெரிய தொண்டைக்காரன், இதை எழுதும்போதும் கத்திக்கொண்டிருக்கிறான். போன தடவை நாம் அவசரப்பட்டுவிட்டோம். இந்தத் தடவை எத்தனை மாதமானாலும் நல்ல தண்ணீர் ஊற்றி, பூச்சி பிடித்துப் போட்டு நான் வைத்திருப்பேன். பெயர் வைக்கவில்லை. கல்வாழைக்கு அவனைக் கொண்டுபோகும் அன்று நீயும் கூட நடந்து வர வேண்டும். தலையில் தண்ணீர் விடுவது உன் வேலை, எனக்கு அந்த வழக்கமெல்லாம் சரியாக வராது.

வா ரோசி. சென்ட்ரலில் நிற்பேன்.

அர்ச். ராயப்பரும் தேவமாதாவும் வழி நெடுக உன் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும்.

எப்போதும் உன்,
எல்சி